சிவிதா தி பாஞ்ஞோரேஜோ: கரையும் குன்றின் மேல் ஒரு நாள் (முழுமையான வழிகாட்டி)

ரோமிலிருந்து வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். லாட்சியோ மாநிலத்தின் வட ஓரத்தில், விட்டெர்போ மாவட்டத்தில் பாஞ்ஞோரேஜோ என்ற சிறு நகராட்சி இருக்கிறது. மக்கள் தொகை சுமார் 3,500. அதன் கிழக்குப் பக்கம், ஒரு பள்ளத்தாக்கின் நடுவில் தனித்து நிற்கும் பாறைத் திட்டின் மேல் அமர்ந்திருக்கிறது பழைய ஊரான சிவிதா. ஆண்டு முழுக்க அங்கே குடியிருப்போர் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இல்லை. அதைப் பார்க்க வருவோரோ ஆண்டுக்குப் பல லட்சம்.

பெரும்பாலானோர் பாலத்தில் ஏறி, நுழைவாயிலில் படம் எடுத்து, சதுக்கத்தில் ஒரு காபி குடித்து, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் அழகான ஒரு கல் ஊர் என்பதற்கு மேல் எதுவும் தங்காது. சிவிதாவைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். முதலில் களிமண், பிறகு பாறை, கடைசியில் வீடுகள். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘பாக்னோரெஜியோ’ என்று பலர் சொல்கிறார்கள். அங்கே வரும் ஒலி நம்முடைய ‘ஞ’வேதான். ‘விஞ்ஞானம்’ என்று சொல்லத் தெரிந்தவருக்குப் பாஞ்ஞோரேஜோ தானாக வரும். ‘சிவிதா’வில் முதல் எழுத்தை ‘பச்சை’யில் வரும் ‘ச்ச’ போல அழுத்திச் சொல்லுங்கள். ‘ஸிவிதா’ என்று கேட்டால் பேருந்து ஓட்டுநருக்குப் புரியாமல் போகலாம்.

முதலில் நிலம்

இந்த ஊருக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் போல்சேனா ஏரி இருக்கிறது. ஏரி என்பது இப்போதைய நிலை. எரிமலைகள் கக்கி முடித்தபின் நிலம் உள்வாங்கிய பெரும் பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டானது அது. அந்த எரிமலைத் தொகுதிக்கு வுல்சீனி என்று பெயர். சுமார் 6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, விட்டுவிட்டு வெடித்துக்கொண்டிருந்தது.

அதற்கும் முன்னால் இந்தப் பகுதி கடலடி. அந்தக் கடல் விட்டுச்சென்ற சாம்பல் நிறக் களிமண்தான் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. கடல் விலகிய பிறகு எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் அடுக்கடுக்காக அதன் மேல் விழுந்தன. சுமார் 3.3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருவெடிப்பில் கொதிக்கும் சாம்பல் மேகம் தரையோடு தரையாக ஓடி வந்து இறுகியது. அப்படி உருவான பழுப்பு நிறப் பாறையை உள்ளூரில் டூஃபோ என்கிறார்கள். ஓர்வியேட்டோ நகரம் நிற்கும் பாறையும் இதே வெடிப்பில் வந்ததுதான். இரண்டு ஊர்களையும் ஒரே நாளில் பார்க்கிறவர்கள் சுவர்க் கல்லின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எனவே குன்றில் மூன்று அடுக்குகள்: அடியில் கடல் களிமண், நடுவில் வரிவரியாகத் தெரியும் தளர்வான சாம்பல் படிவு, உச்சியில் செங்குத்தாக வெட்டினாற்போன்ற டூஃபோ. பாலத்தின் தொடக்கத்தில் நின்று பார்த்தால் மூன்றும் வெறும் கண்ணுக்கே பிரிந்து தெரியும். பசுமை படர்ந்த சரிவு முடிந்து செங்குத்துச் சுவர் எழும்பும் கோட்டைத் தேடுங்கள். ஊரின் தலைவிதி அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

கெட்டியான தொப்பி மேலே, குழையும் மண் கீழே, சிக்கல் இதுதான். மழைநீர் டூஃபோவின் விரிசல்கள் வழியே இறங்குகிறது. களிமண்ணை எட்டியதும் அதற்குக் கீழே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கிக் கசிகிறது. ஈரத்தில் களிமண் உப்பிக் குழைகிறது, கோடையில் காய்ந்து வெடிக்கிறது. குன்றின் இரு புறமும் ரியோ கியாரோ, ரியோ தோர்பிதோ என்ற இரண்டு ஓடைகள் அடிவாரத்தை அரிக்கின்றன. முதலாவது ‘தெளிந்த ஓடை’, இரண்டாவது ‘கலங்கல் ஓடை’. அடி அரிபட அரிபடச் சரிவு செங்குத்தாகிறது, களிமண் சரிகிறது, அதன் மேல் இருந்த டூஃபோவுக்குத் தாங்கல் போகிறது. விளிம்புக்கு இணையாக நெடுக்கு விரிசல் விழுந்து, ஒரு நாள் முழுப் பாளமாகக் கழன்று விழுகிறது. பாளத்தின் மேல் வீடு இருந்தால் வீடும் சேர்ந்துதான் போகும். பாறை உறுதியாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: பாறை தானாக உடைவதில்லை, அதன் காலடி நழுவுகிறது.

மழை அரித்துக் கூர்கூரான முகடுகளாகவும் பள்ளங்களாகவும் ஆக்கிய இந்தக் களிமண் வெளியைக் கலாங்க்கி என்கிறார்கள். புல் பூண்டு பிடிக்காத இடங்களில் கத்தி விளிம்பு போல மெலிந்த முகடுகள் நிற்கும். பள்ளத்தாக்கின் பெயரும் கலாங்க்கிப் பள்ளத்தாக்கே.

ஊர் கடந்து வந்த காலம்

சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன், ரோமருக்கு முந்தைய மக்களான எத்ருஸ்கர்கள் இங்கே குடியேறினார்கள். எளிதில் குடையக்கூடிய டூஃபோவில் கல்லறை அறைகளும் சுரங்க வழிகளும் வெட்டினார்கள். அவற்றில் பல பின்னாளில் மது நிலவறைகளாகவும் தொழுவங்களாகவும் மாறின. அடுத்து ரோமர்கள் வந்தார்கள்.

ஊர்ப் பெயரின் மூலம் பால்னெயும் ரேகிஸ், ‘அரசனின் நீராட்டிடம்’. 8-ஆம் நூற்றாண்டில் லொம்பார்து அரசர் தெசிதேரியூஸ் இங்கே நீராடி நோய் தீர்ந்தார், அதனால் இப்பெயர் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கதை இனிமையானது, கணக்கு உதைக்கிறது. தெசிதேரியூஸ் ஆட்சிக்கு வந்தது 756-இல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, திருத்தந்தை பெரிய கிரகோரியின் காலத்துக் கடிதத்தில் இந்தப் பெயர் வந்துவிடுகிறது.

இடைக்காலத்தில் இது ஆயரின், அதாவது கத்தோலிக்க பிஷப்பின், இருக்கை. இன்று பாஞ்ஞோரேஜோ எனப்படும் பகுதி அப்போது ரோத்தா என்ற புறநகர் மட்டும்தான். தலைமை ஊர் சிவிதா. இரண்டையும் ஒரு நிலத்திட்டு இணைத்தது, மக்கள் மண்மேலேயே நடந்து போய் வந்தார்கள். பாலம் என்ற ஒன்று அன்று தேவைப்படவில்லை.

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஜொவான்னி பிதான்சா என்ற குழந்தை பிறந்தது. பின்னாளில் பிரான்சிஸ்கன் சபையின் தலைவர், கர்தினால், இறையியலாளர்: புனித பொனவெந்தூர். 1274-இல் லியோன் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தின்போது இறந்தார். 1482-இல் புனிதர் பட்டம், 1588-இல் மறைவல்லுநர் பட்டம். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தின் சொர்க்கப் பகுதியில் இவரைப் பேச வைக்கும்போது ‘பாஞ்ஞோரேஜோவின் பொனவெந்தூரா’ என்று ஊர்ப் பெயரோடே அறிமுகமாக வைக்கிறார்.

1695 ஜூன் 11 நிலநடுக்கம் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. வீடுகள் விழுந்தன, இரண்டு ஊர்களையும் இணைத்த நிலத்திட்டு சிதைந்தது. ஆயரும் நகராட்சியும் ரோத்தாவுக்கு இடம் மாறின. குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. எஞ்சிய திட்டையும் மழை தின்று தீர்த்தது. பிறகு கட்டிய பாலத்தை 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை தகர்த்தது. இப்போது நாம் நடக்கும் கான்கிரீட் நடைபாலம் 1965-இல் வந்தது.

இந்த ஊர்க்காரரான எழுத்தாளர் பொனவெந்தூரா தெக்கி (1896–1968) வழியாகப் பரவிய அடைமொழி, ‘செத்துக்கொண்டிருக்கும் ஊர்’. சுற்றுலாத் துறை அதையே விளம்பரமாக்கிக்கொண்டது.

எந்த நாள், எந்த நேரம்

ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர் ஆகியவை நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் பாலத்தில் நிழலே கிடையாது. பகல் 12 முதல் 4 வரை ஏறுவது தண்டனை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரும், கடைகள் பல மூடியிருக்கும். ஆனால் விடியலில் பள்ளத்தாக்கை மூடுபனி நிறைக்கும் நாட்களில் சிவிதா மட்டும் தீவு போல மிதக்கும். அந்தக் காட்சிக்கு இரவில் அங்கேயே தங்கியிருக்க வேண்டும்; காலைப் பேருந்தில் வருகிறவருக்குப் பனி காத்திருப்பதில்லை.

வார நாளில் வாருங்கள். கூட்டம் மட்டும் காரணமில்லை: ஓர்வியேட்டோவிலிருந்து வரும் பேருந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறைகளிலும் ஓடாது. திட்டம் கெட்டுப்போனவர்களில் பெரும்பாலோர் இந்த ஒன்றில்தான் தவறியிருப்பார்கள். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்ட் 15, நவம்பர் 1 ஆகியவை இத்தாலிய விடுமுறைகள். நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேரும் வழி

1. ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து ஓர்வியேட்டோவுக்கு ரெஜொனாலே எனப்படும் மாநில ரயில் போதும்; சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறும் முன் நடைமேடை அருகே உள்ள சிறு எந்திரத்தில் செருகி முத்திரை பதித்தே ஆக வேண்டும். சீட்டு கையில் இருந்தாலும் முத்திரை இல்லையென்றால் அபராதம்.

2. நிலையத்தில் இறங்கியதும், பேருந்துச் சீட்டைக் கடையில் வாங்குங்கள். ‘தபாக்கி’ என்று பலகை உள்ள புகையிலைக் கடைகளிலும் சில காபிக் கடைகளிலும் கொத்ரால் நிறுவனத்தின் சீட்டு கிடைக்கும். திரும்புவதற்கும் சேர்த்து இரண்டாக வாங்குங்கள். ஓட்டுநரிடம் வாங்கினால் விலை பல மடங்கு.

3. பேருந்து மேலூரில், அதாவது ஓர்வியேட்டோவின் பாறை மேல் உள்ள ஊரில், பியாட்சா காஹென் சதுக்கத்திலிருந்து கிளம்பி ரயில் நிலைய வாசலில் நின்று போகும். மேலூரைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நிலையத்துக்கு எதிரே உள்ள கம்பி வண்டியில் ஏறினால் சில நிமிடங்களில் அந்தச் சதுக்கத்துக்கே கொண்டுவிடும். பாஞ்ஞோரேஜோ வரை 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்.

4. பேருந்து வளைந்து வளைந்து ஏறும். தலை சுற்றுகிறவர்கள் முன் இருக்கை பிடியுங்கள். கடைசிக் கட்டத்தில் லுப்ரியானோ ஊரை ஒட்டிப் போகும்போது பள்ளத்தாக்கில் சிவிதாவின் மணிக்கூண்டு சட்டென்று தோன்றி மறையும்.

5. இறங்கியவுடன் முதல் வேலை: நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் படம் எடுத்துக்கொண்டு, திரும்பும் பேருந்துகளில் கடைசிக்கு முந்தையதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குச் சில பேருந்துகள்தான். பள்ளி நாட்களுக்கு ஒரு கணக்கு, கோடைக்கு வேறொரு கணக்கு. ‘ஃபெரியாலே’ என்றால் திங்கள் முதல் சனி வரை, ‘ஃபெஸ்டிவோ’ என்றால் ஞாயிறும் விடுமுறையும், ‘ஸ்கொலாஸ்டிகோ’ என்றால் பள்ளி நடக்கும் நாட்கள் மட்டும். கடைசிப் பேருந்தை விட்டால் டாக்சியை எதிர்பார்த்து நிற்க இது பெருநகரம் அல்ல.

காரில் வருகிறவர்கள் ஏ1 நெடுஞ்சாலையில் ஓர்வியேட்டோ வெளிவழியில் இறங்க வேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ வாங்கிய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வாடகைக் கார் கடையில் கேட்காவிட்டாலும் காவலர் கேட்பார். நிறுத்துமிடத்தில் நீலக் கோடு கட்டணம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு ஊர்க்காரர்களுக்கும் சிறப்பு அனுமதி உள்ளவர்களுக்கும். ‘இன்னும் கொஞ்சம் பக்கத்தில்’ என்று குறுகிய தெருக்களுக்குள் நுழையாதீர்கள். அனுமதி இல்லாத வண்டியைக் கேமரா பிடித்தால், மாதங்கள் கழித்து வாடகை நிறுவனம் வழியே அபராதம் வீட்டுக்கு வரும்.

பாஞ்ஞோரேஜோவைத் தாண்டிவிடாதீர்கள்

பேருந்து நிற்கும் இடத்திலிருந்து பாலம் வரை நடை 25 முதல் 30 நிமிடம். சிற்றுந்தும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் போகும்போது அதில் போகலாம். மற்றவர்கள் நடப்பதே மேல், ஏனென்றால் தெருவே 1695-க்குப் பிந்தைய வரலாறு.

அல்பானா வாயில் வழியாக ஊருக்குள் நுழைந்தால் சாந்த்’ அகொஸ்தீனோ சதுக்கத்தில் பொனவெந்தூரின் வெண்கலச் சிலை. நேரே நடந்தால் புனித நிக்கோலாவின் பேராலயம். சிவிதாவிலிருந்து ஆயர் இடம் மாறியதும் இதுதான் தலைமைக் கோயிலானது. உள்ளே வெள்ளிப் பேழையில் பொனவெந்தூரின் வலது கையின் அருளிக்கம் (போற்றிக் காக்கப்படும் எச்சம்) இருக்கிறது. அவருடைய உடல் லியோனில் இருந்தது. 1562-இல் மதப்போரின்போது அது அழிக்கப்பட்டது. அதற்கு முன்பே பிறந்த ஊருக்கு அனுப்பப்பட்டிருந்ததால் கை மட்டும் தப்பியது. ஜூலை 15 அவருடைய திருநாள்.

தண்ணீர்ப் புட்டியை இங்கே பொதுக் குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள். கழிவறை, ஏடிஎம் வேலைகளையும் இந்த ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

ஊர் முடியும் விளிம்பில் பெல்வேதேரே, அதாவது காட்சி மேடை. புகழ்பெற்ற படங்களில் பாதி இங்கிருந்து எடுத்தவை. நாம் மேற்கே நின்று கிழக்கே பார்க்கிறோம் என்பதால் காலையில் சூரியன் எதிரே இருக்கும், சிவிதா கருநிழலாகத் தெரியும். பிற்பகல் 3 மணிக்கு மேல் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து விழும்போதுதான் டூஃபோ பொன்னிறமாகும். மேடைக்குக் கீழே சிறு எத்ருஸ்கக் கல்லறைத் தொகுதி கண்டெடுக்கப்பட்டது. பொனவெந்தூரின் குகை எனப்படுவதும் அத்தகைய கல்லறை அறையே. நோயுற்ற குழந்தை ஜொவான்னியை அசிசி நகர் பிரான்சிசு அங்கே குணமாக்கினார் என்பது மரபு.

பாலம்

நுழைவுச்சீட்டைப் பாலத்துக்கு முன்னால் வாங்க வேண்டும். 2013-இல் ஒன்றரை யூரோவில் தொடங்கி, பின்னர் 5 யூரோ வரை ஏறியது. போகுமுன் நகராட்சியின் தளத்தில் அன்றைய விலையைப் பார்த்துவிடுங்கள். ஒரு கிராமத்துக்கு எதற்கு டிக்கெட் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எங்களுக்கு அது நியாயமாகவே படுகிறது. 2010 வாக்கில் ஆண்டுக்கு 40,000 பேர் வந்த இடத்துக்கு 2017-இல் எட்டரை லட்சம் பேர் வந்தார்கள். அந்த வருமானத்தால் நகராட்சி மக்களிடம் வாங்கும் உள்ளூர் வரிகளை நீக்க முடிந்தது.

பாலத்தின் நீளம் சுமார் 300 மீட்டர். கடைசிப் பகுதி நன்றாக ஏறும். அவசரப்படாமல் நடந்தால் 10 முதல் 15 நிமிடம். காற்று பலமாக அடிக்கும். தொப்பியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கார் கிடையாது. உள்ளூர்க்காரர்களின் மொபெட்டும் சரக்கு ஏற்றிய மூன்று சக்கர ‘ஆப்பே’ வண்டியும் வரும். நம்மூர் சரக்கு ஆட்டோவின் மூதாதை அதுதான். சக்கர நாற்காலியைக் கடைசி ஏற்றத்தில் தள்ள வலுவான துணை வேண்டும். குழந்தை வண்டியை விட இடுப்பில் தூக்குவது எளிது.

நடுவில் ஒரு முறை நின்று இரு புறமும் பாருங்கள். முன்பு சொன்ன மூன்று அடுக்குகள், புதிதாகச் சரிந்த இடங்களின் வெளிறிய தழும்பு, அங்கங்கே பாறையில் ஊன்றிய எஃகு ஆணிகளின் தலைகள், எல்லாம் இங்கிருந்து தெரியும். பாறையை எஃகுக் கம்பியால் தைப்பது, ஓடையில் சிறு தடுப்பணை கட்டி அரிப்பைக் குறைப்பது, சரிவில் மரம் வளர்ப்பது ஆகியவைதான் வைத்தியம். இவை சரிவைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

சிவிதாவுக்குள்

நுழைவது சாந்தா மரியா வாயில் வழியாக. பாறையை எத்ருஸ்கர் குடைந்த வழியின் மேல் இடைக்கால வளைவு ஏறியிருக்கிறது. வாயிலின் இரு பக்கமும் மனிதத் தலையைக் காலடியில் பிடித்திருக்கும் சிங்கங்களைத் தவறவிடாதீர்கள். ஓர்வியேட்டோவின் மொனால்தெஸ்கி குடும்பத்தின் ஆதிக்கத்தை ஊர்மக்கள் உதறியதன் நினைவு அவை.

உள்ளே வந்ததும் மறுமலர்ச்சிக் கால மாளிகை ஒன்றின் முகப்பு. சன்னல்கள் அழகாக இருக்கின்றன. சற்று உற்றுப் பார்த்தால் சன்னலுக்குப் பின்னால் அறை இல்லை, வானம் தெரிகிறது. மாளிகையின் உடல் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது. மேலே நிலவியல் பகுதியில் படித்த ‘பாளம் கழன்று விழுவது’ என்பதற்கு இதைவிட நல்ல விளக்கப்படம் கிடையாது.

அங்கிருந்து சில நிமிடத்தில் சான் தொனாத்தோ சதுக்கம். கல் பாவாத, சரளை பரப்பிய வெளி. ஒரு பக்கம் புனித தொனாத்துவின் கோயில். எத்ருஸ்க, ரோமானியக் கோயில்கள் நின்ற இடத்தில் இது எழுந்தது என்பது மரபு. வாசலில் துண்டுத் தூண்கள் கிடக்கின்றன. ஆட்கள் அவற்றை இருக்கையாகப் பயன்படுத்துகிறார்கள். 1695 வரை இதுவே பேராலயம். உள்ளே 15-ஆம் நூற்றாண்டு மரத்தாலான பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறைந்த இயேசுவின் சிலை), சிற்பி தொனாதெல்லோவின் பட்டறை வழி வந்தவர் செதுக்கியது என்பார்கள். பெரிய வெள்ளியன்று அதை எடுத்துப் பாலம் கடந்து பாஞ்ஞோரேஜோவில் ஊர்வலம் போகிறார்கள். நள்ளிரவுக்குள் சிவிதாவுக்குத் திரும்பாவிட்டால் சுரூபம் பாஞ்ஞோரேஜோவுக்கே சொந்தமாகிவிடும் என்று ஒரு வழக்கு. ஆயரும் நகராட்சியும் போன பிறகு இதையும் விட மாட்டோம் என்ற பிடிவாதம் அதில் ஒலிக்கிறது. அன்று இரவு பாலம் நெரிசலாக இருக்கும். தங்க இடம் முன்கூட்டியே பிடித்தவர்கள் மட்டும் வாருங்கள்.

ஜூன் மாதத்தின் முதல் ஞாயிறும் செப்டம்பரின் இரண்டாம் ஞாயிறும் இதே சதுக்கத்தைச் சுற்றிக் கழுதைப் பந்தயம், பெயர் தோன்னா. பார்க்கத் தகுந்த கூத்துதான். ஆனால் இரண்டும் ஞாயிறு. பேருந்து கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

சதுக்கத்தை ஒட்டிய அலெமான்னி மாளிகையில் நிலவியல் மற்றும் நிலச்சரிவு அருங்காட்சியகம், 2012-இல் திறந்தது. சிறியது, 40 நிமிடம் போதும். எந்த ஆண்டில் எந்தப் பக்கம் சரிந்தது, இப்போது எப்படி அளக்கிறார்கள் என்று மாதிரிகளோடு காட்டுகிறார்கள். பள்ளிக் குழந்தைகளோடு வருகிறவர்கள் பாலம் ஏறியதும் நேரே இங்கே வருவது நல்லது. பிறகு ஊரில் ஒவ்வொரு விரிசலையும் அவர்களே காட்டுவார்கள். திறக்கும் நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறும்.

சதுக்கத்தைத் தாண்டிய ஒரே தெருவில் கிழக்கே நடங்கள். முக்கால்வாசிக் கூட்டம் சதுக்கத்தோடு நின்றுவிடுவதால் இங்கே அமைதி. பொனவெந்தூர் பிறந்த வீடு இருந்த இடத்தில் நினைவுக் கல் மட்டும் இருக்கிறது, வீடு சரிந்துபோனது. தெரு தாழ்ந்துகொண்டே போய் ஊர் முடியும் இடத்தில் கலாங்க்கி மலைகள் எதிரே விரியும். ஊரின் தாழ்ந்த பகுதியில் பாறையைக் குடைந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் பழைய சுரங்கம், பெயர் புக்கயோனே. வேலி போட்டிருந்தால் தாண்டாதீர்கள். மழை பெய்து இரண்டு நாளுக்குள் என்றால் திறந்திருந்தாலும் இறங்க வேண்டாம்: களிமண் செருப்பின் அடியில் அப்பி ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கனக்கும், ஏறும்போது வழுக்கும். விளிம்புச் சுவர்களில் உட்கார்ந்து படம் எடுப்பதும் அதே வகைத் துணிச்சல்.

உள்ளே இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால் நிதானமாகப் பார்க்கலாம்.

சாப்பாடு

பழைய எண்ணெய்ச் செக்கு இருந்த குகைகளில் இப்போது ரொட்டி வாட்டித் தருகிறார்கள். பூண்டு தேய்த்து, ஆலிவ் எண்ணெய் விட்ட புருஸ்கெத்தா இங்கே நம்பிச் சாப்பிடக்கூடிய எளிய உணவு. கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ் வகை பாஸ்தாவும் காளான் குழம்பும் எங்கும் உண்டு. காய்கறியும் பழைய ரொட்டியும் சேர்த்துக் காய்ச்சும் ஆக்குவாகோத்தா என்ற உழவர் சூப் குளிர்காலத்துக்கு உகந்தது.

சைவர்கள் ‘சென்சா கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. தக்காளிக் குழம்பில் பன்றிக் கன்னத்துக் கொழுப்பான குவான்சாலே சிறு துண்டுகளாக ஒளிந்திருக்கும். சமைப்பவர் அதை இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். ‘குவான்சாலே இல்லையே, நெத்திலி இல்லையே’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பார்மிஜானோ, பெக்கொரீனோ ரொமானோ என்ற பாலாடைக்கட்டிகள் இரண்டுமே கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறையவைத்தவை. அதுவும் ஆகாதென்றால் ‘சென்சா ஃபொர்மாஜோ’ (பாலாடைக்கட்டி இல்லாமல்). மதியச் சமையலறை பெரும்பாலும் இரண்டரை மணி வாக்கில் மூடிவிடும்.

எதிர்க்கரையிலிருந்து

நேரமும் வண்டியும் இருந்தால் லுப்ரியானோவுக்குப் போங்கள். பள்ளத்தாக்கின் வடகரையில் உள்ள தனி நகராட்சி அது. பெல்வேதேரேயிலிருந்து பார்த்தால் சிவிதா நம்மை நோக்கிக் குவிந்து நிற்கும். இங்கிருந்து அதன் முழு நீளமும் பக்கவாட்டில் தெரியும். பாறைத் தொப்பி எவ்வளவு மெலிந்தது, களிமண் மேடு எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் உறைக்கும். காலையில் கிழக்கிலிருந்து விழும் சாய்வெயில் கலாங்க்கி முகடுகளின் நிழலை நன்றாக எடுத்துக் காட்டும்.

காலை 9 மணி வாக்கில் லுப்ரியானோ, பிறகு பாஞ்ஞோரேஜோ பேராலயம், பிற்பகல் சிவிதா, மாலையில் பெல்வேதேரே: கார்க்காரர்களுக்கு வெளிச்சத்துக்கு ஏற்ற வரிசை இது. பேருந்தில் வந்தவர்கள் லுப்ரியானோவை விட்டுவிட்டு, திரும்பும் வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் சிவிதா சதுக்கத்தை விட்டுக் கிளம்புங்கள். பாலம் இறங்க 10 நிமிடம், ஊர் நடை அரை மணி. மீதி நேரம் பெல்வேதேரேக்கும், நிறுத்தத்தில் 15 நிமிடம் முன்னால் நிற்பதற்கும். பேருந்து வருவது தெரிந்ததும் கையை நீட்டுங்கள். காட்டாவிட்டால் நிற்காமல் போவதுண்டு.